மழைக்காற்றை மறிக்க அடைத்த கதவு

சின்னு, உன் மேல் விழுந்த பழியைத் துடைக்கத்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன்.

என் பெயர் அன்னாள். வயது 51. காலஞ்சென்ற சூசையப்பனின் மனைவி. ஆனைக்கரை ஏலக்காய்த் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் குடியிருக்கிறேன். காய் பறிக்கும் வேலை. நாலாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். இறந்துபோன ஜோமோள் என் ஒரே மகள். வீட்டில் சின்னு என்போம். பாலக்காட்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படித்துவந்தாள்.

ஏலக்காய்க்கு மணம் கொடுக்கும் பொருளைத்தான் அவள் ஆராய்ந்தாள். அதன் ஆவியையும் நீராவியையும் வேறொரு வாயுவில் கலந்து, ஊசித்துளை வழியாகக் காற்றில்லாத பெட்டிக்குள் பீய்ச்சுவார்கள். பீய்ச்சிய வேகத்தில் அது கடுங்குளிராகிவிடும். அந்தக் குளிரில் மணத்துகளும் தண்ணீர்த்துகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதன்பின் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அதில் விட்டு, எந்த ஒளியைக் குடிக்கிறது என்று பார்த்து, எது எதைப் பிடித்திருக்கிறது என்று கண்டுபிடிப்பாள். எங்கள் லயத்தில் இதைச் சொல்லத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

போன மாதம் லீவுக்கு வந்தபோது, "மழைக்காத்துல இருக்க ஈரமும் அதே ஒளியைக் குடிச்சிரும்மா. அதான் கதவு சன்னலுக்கெல்லாம் டேப் ஒட்டிட்டு வேலை பாக்கோம்" என்றாள்.

"மூச்சு முட்டாதாட்டி?"

"ஏலக்கா காயவைக்குத ஸ்டோர் சூட்டுல நீ நிக்கதவிடவா?" என்று சிரித்தாள்.

சென்ற சனிக்கிழமை, அவளோடு படிக்கும் ஸ்ரீஜா போன் செய்து, சின்னு ஆராய்ச்சிக்கூடத்து அறையில் மயங்கிக் கிடப்பதாகச் சொன்னாள். நான் வந்துசேரும்போது உயிர் இல்லை. அதன்பின் எஸ்.ஐ. ஐயா, "கதவு சன்னல் எல்லாம் உள்ளேருந்து டேப் ஒட்டியிருக்கு. மகளுக்கு மனசங்கடம் ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டார். தற்கொலை என்று எழுதப்போவதாகத் தெரிந்தது.

அது தற்கொலை இல்லை. ஒளி போகும் குழாயில் ஈரம் ஏறாமலிருக்க நைட்ரஜன் வாயு விடுவார்கள். அந்த நைட்ரஜன் வரும் டியூப் கழன்று, மூச்சுக்காற்றைத் தள்ளிவிட்டு அடைத்த அறை முழுதும் நிறைந்திருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. காற்று குறைந்தால் அடிக்க வேண்டிய மணி ரிப்பேருக்குப் போயிருந்தது. ஸ்ரீஜாவும், "நாங்க ரெண்டு பேரும் தினமும் ஒட்டுறதுதான் சார்" என்று ஐயாவிடம் சொன்னாள். என் மகள் வேலையைச் சுத்தமாகச் செய்யக் கதவை அடைத்தாள், சாவதற்கு அல்ல.

என் வாக்குமூலத்தை எழுதிய ஏட்டம்மா அதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளது, அத்தனையும் உண்மை. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, என் மகள் சொல்லிக்கொடுத்ததைத் தவிர.

(ஒப்பம்) அன்னாள்

சின்னு, எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டேனாட்டி?