அடையாளம் தேடும் மருந்து

ஆஸ்பத்திரித் தேநீரை எல்லாரும் குறை சொல்வார்கள், ஐயா. எனக்கு அது பிடிக்கும். மனைவி கத்தரீனாவுக்கு மார்பில் புற்றுநோய். அவளுக்கு மருந்து ஏறி முடியும்வரை நான் தேநீரும் கையுமாகப் பக்கத்தில் இருப்பேன்.

டொக்டர் நிவேதனா பொறுமையாக விளங்கப்படுத்தினார். "முந்தின மருந்து உடம்பு முழுக்க அடிக்கும், அண்ணை. இது கெட்ட கலத்திலை இருக்கிற அடையாளத்தைத் தேடிப்போய் அதை மட்டும் பிடிக்கும்."

"நல்லதிலையும் அந்த அடையாளம் இருந்தா?"

"இதயத்திலை கொஞ்சம் இருக்குது. அங்கையும் கொஞ்சம் அடி விழும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது.

என் மகன் ஜெரிசன் கடலட்டைக்குச் சுழியோடியபோது, மீனுக்கு எறிந்த டைனமைட் வெடித்துச் செத்தான். காதிலும் மூக்கிலும் இரத்தம் வடிந்த பிள்ளையைக் குருநகர்க் கரைக்கு நான்தான் தூக்கி வந்தேன். எறிந்தது யாரென்று ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கத்தரீனா என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். எறிந்தவனைப் பிடிக்காமல் அவளோடு இருந்து எப்படிச் சோறு தின்பது?

டைனமைட் எறிகிறவர்களுக்கு ஓர் அடையாளம் உண்டு. திரி முந்திக்கொண்டால் கையிலேயே வெடித்து விரல் போய்விடும். எங்கள் ஊர்ப் பேதுருவுக்கு இரண்டு விரல் இல்லை. கரையோர வாடிக் கொட்டிலுக்குள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவனின் கழுத்தை மீன் வெட்டும் கத்தியால் அறுத்தேன். மூலையில் படுத்திருந்த அவன் தம்பியை நான் தொடவில்லை. அவனுக்குப் பத்து விரலும் இருந்தன. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் இராசநாயகம். நீர்வேலியிலிருந்து மோட்டார்சைக்கிளில் மீன் வாங்க வருகிறவர், அவருக்கும் விரல் குறைவு. கத்தி வயிற்றில் இறங்கிய பிறகும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கதைத்தார். "இன்னாசியண்ணை, நான் கடலுக்கே போறேல்லை. விரல் ஷெல்லடியிலை போனது."

நான் அவரை நம்பினேன். ஆனால் மருந்து நின்று விசாரிப்பதில்லை. இன்னொரு முறை இறக்கினேன். டொக்டர் சொன்ன இதயத்து அடி அதுதான்.

கத்தரீனாவின் கட்டி கரைந்துவிட்டதாம். நல்ல செய்தி. இரண்டு பேரையும் பற்றி அவளிடம் சொன்னேன். "இன்னும் ஒராள் மிச்சம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமலே.

கொன்றது நான்தான். எனக்குக் கையெழுத்து வராது, வாக்குமூலத்தில் பெருவிரலை வைக்கிறேன். வலக்கையில் அது இருக்கிறது. பக்கத்து இரண்டும்தான் இல்லை. நீங்களும் கத்தரீனா மாதிரியே அந்தக் கையைப் பார்க்கிறீர்கள், ஐயா. ஜெரிசன் அந்தப் பக்கம் சுழியோடுகிறான் என்று எனக்கு யார் சொன்னது?