தெய்ரோனின் தோளில் ஒரு கீறல்

“ஹலோ... ஓம்... ஓம், டெனிஸ்டன் அண்ணையின்ரை போன்தான். நான் தங்கச்சி, ஜெனிற்றா... ஓம் றூபனண்ணை. சுகமா இருக்கிறியளோ?”

முப்பத்தொரு மணி நேரமாக அந்தக் கைபேசி அவளுடைய கோட்டுப் பைக்குள் கிடந்தது. அது அடிக்கும் என்று தெரியும். இங்கே, ரூ காய் தெருவில், மளிகைக் கடை வாசலில் நிற்கும்போது அடிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. இடது கையில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள் ஒரு கட்டு. மணிக்கட்டில் வளையல்போல ஒட்டுநாடா. ஒவ்வொரு சுவரொட்டியிலும் அண்ணனின் முகம்.

“வந்திட்டியளா?... ரெண்டரை றெயின் எண்டெல்லோ சொன்னனீங்கள்... ஓ, முந்தினதிலையே... மெசேச் போட்டனீங்களா? பாக்கேல்லைப் போலை... அண்ணையோ? அண்ணை... பக்கத்திலை இல்லை.”

லண்டனிலிருந்து வருகிற அண்ணனின் கூட்டாளி றூபனை அல்பிரட் மாமா காரில் ஏற்றி நேரே வில்லியே லே பெல்லில் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுபோவதென்று ஏற்பாடு. அம்மாவின் கட்டளை அது. வழியில் தனியே நிற்கிற பிள்ளைக்குப் போனில் சாவு சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் சொல்ல வேண்டும்.

“இல்லை, நடக்க வேண்டாம். மாமா கார் கொண்டு வாறார், கார் து நோர் ஸ்டேஷனிலேயே நில்லுங்கோ... தெரியும், கிட்டத்தான்... ரோல்ஸா? ரோல்ஸ் நான் வாங்கி வாறன்... சூடா வேணுமெண்டா சூடா வாங்கி வாறன் அண்ணை, நீங்கள் உள்ளுக்கை நில்லுங்கோ... என்ன? வெளியாலை வந்திட்டியளா?”

ஸ்டேஷனிலிருந்து தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலுக்கு வருகிற தெருவில்தான் அவள் காலையில் ஒட்டத் தொடங்கினாள். நம்முடைய சனம் இறங்கி வருகிற பக்கத்தில் முதலில் ஒட்டச் சொன்னவளும் அம்மாதான். புடவைக் கடை, நகைக் கடை, முடி வெட்டும் கடை. கண்ணாடிக்குக் கண்ணாடி அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். இப்போது றூபன் அந்த வழியாலேயே வருகிறான்.

அவள் ஸ்டேஷன் பக்கமாக நடக்கத் தொடங்கினாள். பௌதிகத்தில் பட்டம் வாங்கியவள்தான். ஆனால் கடையில் ஒரு பாண் கேட்கவும் நாக்குப் புரளாத பிள்ளை. ஒருவனைப் பேச்சில் நிறுத்திவைக்க அவளிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. ஒரே மாடியில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் வளர்ந்த டெனிஸ்டனும் றூபனும் சிறுவயதிலிருந்து சண்டை பிடித்த கதை: தெய்ரோன் என்கிற, ஜப்பானியக் கார்ட்டூன் தொடரின் இராட்சத றோபோ. இன்று மாலை அதன் புதுப் படம். அதற்குத்தான் றூபன் கடல் தாண்டி வந்திருக்கிறான்.

“றூபனண்ணை, ஒண்டு கேக்கட்டே?... தெய்ரோனைப் பற்றித்தான்... ஏன் சிரிக்கிறியள்? நானும் எல்லாம் பாத்தனான்தானே. அண்ணை விட்டால்தானே... நிண்டு சொல்லுங்கோ. நடந்துகொண்டு கதைச்சா எனக்கு ஒண்டும் விளங்கேல்லை... நிண்டிட்டியளா? ஆ.”

“முதல் தொடர்தான் தொடர் எண்டு ஏன் சொல்லுறனீங்கள்?... ஓம்... ஓம், புதன்கிழமை பின்னேரம், பள்ளிக்கூடம் இல்லை... ஓம், கிழமைக்கு ஒரு பூதம், கிழமைக்கு ஒரு குத்து. பூதம் ஏன் ஒவ்வொண்டா வருது, எல்லாம் சேந்து வந்தால் என்னெண்டு நான் கேட்டு ரெண்டு பேரும் என்னை அறைக்கு வெளியாலை விட்டனீங்கள்... ஞாபகம் இருக்கு. எனக்கு அப்ப அஞ்சு வயசு.”

றோட்டைக் கடந்தாள். ஒரு வான் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனது.

“ஒண்டுமில்லை, வான்... ரெண்டாவதா? அதிலை நூறு தெய்ரோனை ஃபக்டரியிலை செய்து ஆமிக்குக் குடுத்தவங்கள். அது உங்களுக்கும் பிடிக்கேல்லை, அவருக்கும் பிடிக்கேல்லை. அந்த ஒண்டிலைதான் ஒற்றுமை... மூண்டாவதைக் கேக்காதேங்கோ... சரி, சொல்லுங்கோ.”

மூன்றாவதில்தான் பெரிய சண்டை. போர் முடிந்த பிறகு நடக்கிற கதை அது. பூதம் இல்லை, எதிரி இல்லை. துருப்பிடித்த தெய்ரோன் இடிந்த பாலங்களைத் தூக்கி நிறுத்திக்கொண்டு திரியும்.

“ஓம், ‘வேலைக்குப் போற றோபோவை ஆர் பாக்கிறது’ எண்டனீங்கள்... ‘பெட்டி தூக்கிறவனுக்குப் பெட்டி தூக்கிற றோபோதான் பிடிக்கும்’ எண்டும் சொன்னனீங்கள்... இல்லை இல்லை, அவர் கோவிக்கேல்லை. விழுந்து விழுந்து சிரிச்சவர். பிறகு ஏர்போட்டுக்கு வெளிக்கிடேக்கையெல்லாம் ‘தெய்ரோன் வேலைக்குப் போகுது’ எண்டு சொல்லிப்போட்டுத்தான் கதவைப் பூட்டுறவர்... ஓம். ஒவ்வொரு நாளும்.”

“நாலாவது கொம்பியூட்டரிலை செய்தது... ஓம், பிளாஸ்ரிக் வாளி மாதிரித்தான் மினுங்கினது. அண்ணையும் அதைத்தான் சொன்னவர். ஆனா கீறல் இருந்ததுதானே. இடது தோளிலை... ஓம், முதல் தொடரிலை ஆரோ படம் கீறேக்கை கை வழுக்கிப் போட்ட கோடு. பிறகு வந்தவை தலையை மாத்தினவை, கையை மாத்தினவை, நிறத்தை மாத்தினவை. அந்தக் கோட்டை மட்டும் ஒருத்தரும் அழிக்கேல்லை. கீறல் இருந்தா அது தெய்ரோன், மிச்சமெல்லாம் உடுப்பு எண்டு அண்ணை...”

மூக்கை உறிஞ்சினாள். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

“இல்லை, காத்து. மூக்கடைப்பு... புதுப் படத்திலையா? ட்ரெய்லர் பாத்தனான். ஓம், ஓட்டுறதுக்கு ஆளில்லை, சீற் வெறுமையாக் கிடக்குது... ஆளில்லாமல் என்னெண்டு நடக்கும் எண்டா... முந்தி ஓட்டின ஆக்களின்ரை கையசைவு எல்லாம் அதுக்குள்ளை பதிஞ்சு கிடக்கும். அதை வைச்சு நடக்கும்... ஓம், விஞ்ஞானப்படி கொஞ்சத் தூரம் சரி. ஆனா றூபனண்ணை, அது நடக்கிறது மட்டுந்தான். ஆள் இல்லைத்தானே.”

“ஹலோ... கேக்குதோ? றூபனண்ணை, தனியவோ நிக்கிறியள்? பக்கத்திலை ஆரும் தெரிஞ்ச ஆக்கள் நிக்கினமோ?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தாள். ஊரில் ஆட்களை விட்டுவிட்டு வந்த ஒவ்வொரு வீட்டிலும் போர்க் காலத்தில் அந்தக் கேள்வி தொலைபேசியில் வந்திருக்கிறது. அதற்கு அடுத்ததாக என்ன வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“சும்மா கேட்டனான்... சும்மாதான்... அம்மாவோ? அம்மா சுகம்... ஓம், அப்பாவும் சுகம்... உண்மையாத்தான் சொல்லுறன்... மாமா காரிலை வந்துகொண்டிருக்கிறார்... நானா? நான் இந்தா கதைக்கிறன்தானே.”

வீட்டில் அவன் சுகம் கேட்க ஆட்கள் முடிந்துபோனார்கள். ஒருவன்தான் மிச்சம்.

“வேலையிலை எண்டு நான் சொல்லேல்லை அண்ணை. பக்கத்திலை இல்லை எண்டுதான் சொன்னனான்... போன் என்னட்டை ஏன் எண்டா... பொறுங்கோ. உங்களைக் காணுறன். இஞ்சை, சிக்னலுக்கு இந்தப் பக்கம்... வராதேங்கோ, பஸ் வருது. நில்லுங்கோ.”

பச்சைத் தோள்பையோடு றூபன் புடவைக் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தாடியில் நரை விழுந்திருந்தது. அவன் தோளுக்கு மேலே, கண்ணாடியில், காலையில் அவளே மூலை மடங்காமல் ஒட்டிய முகம். இரண்டு பேரும் சேர்ந்து அவளைப் பார்ப்பதுபோல இருந்தது. அவன் மெல்லத் தலையைத் திருப்பப் பார்த்தான்.

“திரும்பாதேங்கோ! பின்னாலை பாக்காதேங்கோ அண்ணை, கண்ணாடியைப் பாக்காதேங்கோ... என்னைப் பாருங்கோ. என்னையே பாருங்கோ.”

அஞ்சலியின் வாசகத்தை அப்பா எழுதினார். சொந்தக்காரருக்கெல்லாம் அம்மா சொன்னாள். ஜெனிற்றாவின் வாயிலிருந்து அந்தச் சொல் இன்னும் ஒருவருக்கும் போகவில்லை. சுவரொட்டிக் கட்டு கையிலிருந்து நழுவி நடைபாதையில் விழுந்தது. அவள் குனியவில்லை.

“அதிலை வாசிச்சு நீங்கள் அறியக் கூடாது. நான் சொல்லுறன்... ஓம். ஓம்... நேற்று விடிய வேலைக்கு வெளிக்கிட்டவர். சப்பாத்துப் போடக் குனிஞ்சவர். அந்தத் தெய்ரோன் கதையைச் சொல்லேல்லை, கதவும் பூட்டிக் கேக்கேல்லை எண்டுதான் நான் எழும்பி வந்து பாத்தனான்... றூபனண்ணை. அண்ணை செத்துப்போனார்.”