குளிச்சுட்டு வந்தவர்

— கோட்டைக் கழட்டு, செழியன். முதல்ல அந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டு!

— மேடம், துரைராசுவுக்கு விஷமுறிவுக்கு அட்ரோபின் ஏறிக்கிட்டிருக்கு. ஒரு பார்வை பாத்துட்டு வந்து...

— நர்ஸ் பாத்துக்குவாங்க. இனி அந்த ஆளை நீ தொடக்கூடாது. காலையில வந்தவருக்கு உப்புக்கரைசல் பொட்டலம் குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்க. பூச்சிமருந்து ஏறின உடம்பை! நான் முகாம்லேருந்து திரும்பற நேரத்துக்கு அவரை மறுபடி தூக்கிட்டு வந்ததால உசுரு மிச்சம்.

— காலையில வாயில நுரையெல்லாம் இல்ல மேடம். வேர்வை, தலைசுத்தல், ஒரு வாந்தி. குறுவை வயல்ல வெயில்ல நின்னவருன்னு...

— டார்ச் அடிச்சுக் கண்ணைப் பாத்தியா?

— பாக்கல.

— கண்மணி ஊசிமுனையாச் சுருங்கிக் கிடந்திருக்கும்டா! ஏன் பாக்கல?

— மருந்து அடிச்சீங்களான்னு திருப்பித் திருப்பிக் கேட்டேன். இல்லவே இல்லைன்னாரு. மேல மருந்து வாடையும் இல்ல, சோப்பு வாசனைதான். நம்பிட்டேன். தப்புதான்.

— தப்புதானா? நீ பிசிஷியன் அசிஸ்டென்ட். விசாரிக்கணும், சந்தேகம்னா எனக்குப் போன் போடணும். வீட்டுக்கு அனுப்பற அதிகாரத்தை யாரு குடுத்தா?

— நீங்கதான் மேடம். ‘சின்னதுக்கெல்லாம் போன் போட்டு உயிரை வாங்காதே, நீயே பாத்து அனுப்பு’ன்னு ஜீப்ல ஏறறப்ப சொன்னீங்க.

— எதிர்த்துப் பேசறியா? இத்தனை ஊருக்கும் நான் ஒருத்தி. இன்னொரு டாக்டர் கேட்டா, உன்னை அனுப்பி வச்சாங்க. வெளிய பலகையில இருக்கறது கலைமகள்ங்கிற என் பேரு. என் நாற்காலில நீ ஸ்டெத்தை மாட்டிக்கிட்டு உக்காந்தா, ஜனங்க டாக்டர்னு நம்பி ஏமாறுது. இன்னிக்கே மேல எழுதறேன், உன்னை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி... யாரும்மா அது, கதவைத் தட்டாம?

— பிரகதாம்பா. துரைராசு பொஞ்சாதி. தட்டற நெலமையிலயா இருக்கேன்? தஞ்சாவூருக்குக் கொண்டுபோகணும்ங்கறீங்க, வண்டி எங்க?

— நூத்தியெட்டு வந்துக்கிட்டிருக்கு. உக்காரும்மா.

— உக்கார வரல. ஏந் தம்பி, ஊர்க்கதை அத்தனையும் கேப்பியே, என் புருசன் கண்ணை ஒருவாட்டி விரிச்சுப் பாத்தா கொறஞ்சா போயிடுவ?

— பாத்திருக்கணும்க்கா.

— அக்காவாம், அக்கா!

— இவர் டாக்டரே இல்லம்மா. உங்களை ஏமாத்திட்டாரு.

— யாரு ஏமாந்தா? அது ஊருக்கே தெரியும். டாக்டரம்மா முகாமுக்குப் போயிட்டாங்களான்னு விசாரிச்சுட்டுத்தான் அவரு இங்க கெளம்புனாரு.

— என்னது?

— விடியறப்ப இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து அடிச்சாரு. தலை சுத்துனதும் வாய்க்கால்ல எறங்கி, சோப்பு போட்டுத் தேய்ச்சுக் குளிச்சு, வெளுத்த வேட்டி கட்டிக்கிட்டுத்தான் வந்தாரு. அழுக்கோட யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?

— குளிச்சது இருக்கட்டும். இவரு கேட்டப்ப, மருந்தே அடிக்கலைன்னு ஏம்மா பொய் சொன்னாரு?

— அடிச்சேன்னா தம்பி உங்களுக்குப் போன் போடும்ல? போன சம்பாவுல இதே மயக்கத்தோட உங்ககிட்ட வந்தப்ப, ‘மூஞ்சியை மூடிக்கிட்டு மருந்தடிக்கத் தெரியாத மாடு’ன்னு அத்தனை சனத்துக்கு நடுவுல சொன்னீங்க. அதை இன்னொருவாட்டி கேக்கறதுக்குச் செத்தே போலாம்னுட்டாரு, டாக்டரம்மா.