பக்கம் திறக்காத பதினொரு நாள்

இன்டர்நெட் மெதுவாகிவிட்டால் எல்லோரும் முதலில் லைனைத்தான் திட்டுகிறார்கள், ஐயா. பெரும்பாலும் லைனில் ஒரு குற்றமும் இருக்காது. முப்பது வருடமாக மாத்தளையில் ரேடியோவும் டீவியும் திருத்துகிறவன் நான். இந்தப் பழனிமுத்து கை வைத்தால் செத்த ரேடியோவும் பாடும் என்று ஊரில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் கேட்கச் சந்தோஷமாக இருக்கும்.

எங்கள் அலுவிகாரை வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது 2007இல். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் என் கூட்டாளி ஜமால்தீன் அதில் இரண்டு சிஸ்டம் போட்டுக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் விண்டோஸா, லினக்ஸா என்று கேட்கும். விண்டோஸ் என் மனைவி நல்லம்மாவுக்கு, லினக்ஸ் எனக்கு. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்று ஜமால்தீன் கேலி செய்வார்.

நல்லம்மா கற்றுக்கொண்டது ஒரே ஒரு வேலை, ஈமெயில் பார்ப்பது. 1977 கலவரத்துக்குப் பிறகு அவளுடைய பெற்றோர் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போய்விட்டார்கள். அவள் எனக்கு வாழ்க்கைப்பட்டு இங்கேயே இருந்தாள். அவளுடைய தம்பி மாணிக்கவாசகம் கிளிநொச்சியில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். சண்டையால் அங்கே போன் எல்லாம் அறுந்துபோயிருந்தது. அவருடைய அலுவலகத்தில் மட்டும் சாட்டலைட் இன்டர்நெட் இருந்தது.

2008 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை நல்லம்மா சொன்னாள்: "ஏங்க, தம்பி மெயில் வந்திருக்கான்னு பாக்கணும். அரைமணி நேரமா சுத்திக்கிட்டே இருக்கு, பக்கம் வரமாட்டேங்குது."

மறுநாள் நான் உற்சாகமாக உட்கார்ந்தேன். வயரை மாற்றினேன். வைரஸ் தேடினேன். டெலிபோன் ஆபீசுக்குப் போன் செய்தேன், லைன் நல்லாயிருக்கிறது என்றார்கள். பிறகு கம்ப்யூட்டரை லினக்ஸில் திறந்தேன். பக்கங்கள் பறந்தன. அப்படியானால் லைன் சரி, ரவுட்டரும் சரி, கோளாறு விண்டோஸுக்குள் இருக்கிறது. தேடிப் பிடித்தேன். நாம் கேட்கும் பக்கத்துக்கு விலாசம் தேடித் தருகிற சர்வர் என்று ஒன்று உண்டு. அந்த சர்வரின் எண்ணில் ஓர் இலக்கம் தவறாக இருந்தது. நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது. அதனால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் இல்லாத ஒருவரிடம் கேட்டுக் காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் இரண்டாவது சர்வரிடம் கேட்டது. ஒன்பதை நான்காக்கினேன். பத்து விநாடி வேலை.

நல்லம்மா மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். சரியாகிவிட்டதா என்று பார்க்க அவளுடைய மெயிலைத் திறந்தேன். பாஸ்வேர்ட் நான் போட்டுக் கொடுத்ததுதான். மாணிக்கவாசகத்தின் கடிதம் இருந்தது.

"அக்கா, என் மனைவிக்கு இருதய ஆபரேஷன் செய்ய வேண்டும். கண்டிக்குக் கொண்டுவர எங்கள் ஐந்து பேருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. எங்களை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாகக் கிராம சேவகரின் முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள். அதற்குப் பிறகு பாதை இருக்காது."

என் நிலைமையையும் நீங்கள் பார்க்க வேண்டும். வீட்டில் மூன்று அறை. மூன்றாவதை அந்த வருடம்தான் கட்டி முடித்து என் மேசையையும் கம்ப்யூட்டரையும் வைத்திருந்தேன். வன்னியிலிருந்து ஆட்கள் வந்தால் பொலிசில் பதிய வேண்டும், ஆட்கள் வந்து விசாரிப்பார்கள். இதையெல்லாம் எவரும் யோசிப்பார்கள். இன்னொன்றும் இருந்தது. சமாதான காலத்தில், 2003இல், மாணிக்கவாசகம் குடும்பத்தோடு மூன்று வாரம் வந்து தங்கினார். தங்கமான மனிதர், நன்றாகப் பேசுவார். அந்த மூன்று வாரமும் நல்லம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்படி அவள் சிரிப்பாள் என்றே எனக்கு அதுவரை தெரியாது.

நான்கை மறுபடி ஒன்பதாக்கினேன். இரண்டாவது சர்வரின் எண்ணையும் மாற்றினேன். இனி எதுவும் திறக்காது.

அடுத்து வந்த நாட்கள் எங்கள் வாழ்க்கையிலேயே இனிமையானவை என்பேன். நான் திருத்துகிற மாதிரி மேசையில் இருப்பேன். நல்லம்மா தேத்தண்ணியும் சுடச்சுட வடையும் கொண்டுவந்து பக்கத்தில் உட்காருவாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்துத் தருவாள். பெட்டியைக் கழற்றிப் போட்டு உள்ளே எது எது என்று காட்டினேன். "இதுக்குள்ள இவ்வளவு தூசா, வீட்டைக் கூட்டுறவ நாந்தானே" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்காக, என்னோடு சிரித்தாள்.

ஒருநாள் மட்டும், "நா வேணும்னா ஜமால்தீன் அண்ணன் கடைக்குப் போயி பாத்துட்டு வரட்டா?" என்றாள்.

"எதுக்கு புள்ள, இந்த வெயில்ல? பொழுது சாயறதுக்குள்ள சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரி."

அவள் கோயிலுக்கும் சந்தைக்கும் போகும் நேரங்களில் நான் லினக்ஸில் பார்த்தேன். இரண்டாவது கடிதம் வந்தது, மூன்றாவதும் வந்தது. மூன்றாவதில், "அக்கா, ஒரு வரியாவது போடுங்கள்" என்றிருந்தது. பதில் போடாமல் இருப்பது மரியாதை இல்லை. வெள்ளிக்கிழமைக்கு முதல்நாள் நல்லம்மாவின் பெயரில் எழுதினேன். அவள் எழுதுவது போலவே, "அன்புள்ள தம்பிக்கு" என்று ஆரம்பித்தேன். "இங்கே நிலைமை சரியில்லை, இப்போது வர வேண்டாம், அங்கேயே பத்திரமாக இருங்கள், எல்லாம் ஓய்ந்ததும் வாருங்கள்" என்று முடித்தேன். அனுப்பிய பிறகு எல்லாக் கடிதங்களையும் அழித்தேன்.

வெள்ளிக்கிழமை போய், சனிக்கிழமை பதினோராவது நாள். அன்று கம்ப்யூட்டரைச் சரியாக்கினேன். நல்லம்மா கை தட்டினாள், பாயாசம் வைத்தாள். மெயிலில் ஒன்றும் இல்லை.

"தம்பிக்கு வேலை அதிகம் போல" என்றேன்.

அவள் எழுதினாள். பதில் வரவில்லை. செப்டம்பரில் அந்த அலுவலகத்தையே மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். நல்லம்மா ஒவ்வொரு பின்னேரமும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருவாள். நான் கூடவே உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். ஒருநாளும் தவறியதில்லை.

போன டிசம்பரில், 2009இல், ஒரு பெண் பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கினாள். மாணிக்கவாசகத்தின் மூத்த மகள். பதினெட்டு வயது, செட்டிகுளம் முகாமிலிருந்து விட்டிருந்தார்கள். தாயும் தகப்பனும் இரண்டு தம்பிமாரும் மாசி மாதத்தில் ஒரே பதுங்குகுழியில் போய்விட்டதாக, அழாமல் சொன்னாள். பையிலிருந்து நாலாய் மடித்த தாள் ஒன்றை எடுத்து நல்லம்மாவிடம் நீட்டினாள். ஆபீசில் பிரிண்ட் எடுத்தது.

"அப்பா இத கடைசி வரைக்கும் சட்டைப்பையிலதான் வச்சிருந்தாரு, அத்தை. அக்கா காரணம் இல்லாம வர வேணாம்னு சொல்ல மாட்டாங்கன்னாரு."

நல்லம்மா இரண்டு தடவை வாசித்தாள். "இத நா எழுதல" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அன்றைக்கே பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உங்கள் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள்.

இதை எந்தக் குற்றமாக எழுதுவது என்று நீங்கள் யோசிப்பது புரிகிறது, ஐயா. உங்களுக்குச் சிரமம் வேண்டாம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் வந்திருப்பார்கள். நான்தான் வரவிடவில்லை. நல்லம்மாவின் பெயரில் எழுதியதும் நானே. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தத் தாள் உங்கள் மேசையில்தானே இருக்கிறது, நீங்களே ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். எவ்வளவு அன்பாக எழுதியிருக்கிறேன்.