பதினோராவது அர்ஜி

பாலசுந்தரம்: ...ஒண்ணு. எங்கள் தெருவில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளம் இன்றோடு நாற்பத்தாறு நாளாக மூடப்படாமல் கிடக்கிறது. சரியா?

மணியம்மா: நாப்பத்தேழு.

பாலசுந்தரம்: நாப்பத்தாறு. டைரில குறிச்சிக்கினு வரேன்.

மணியம்மா: டைரி ரொம்பிக்கினே வருது. பள்ளம்தான் ரொம்பல.

பாலசுந்தரம்: குறுக்க பேசாத. ஆந்திரா ஆபீஸுக்குத் தெலுங்குல எழுதிக்கினே உனக்குத் தமிழ்ல சொல்லிக்கினு இருக்கேன், கோர்வை போயிடும். ரெண்டு. பள்ளம் மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம். இரவில் விளக்கு இல்லை. தோண்டிய மண்ணைத் தெருவிலேயே குவித்திருப்பதால் சிலிண்டர் வண்டிகூட உள்ளே வருவதில்லை.

மணியம்மா: ஸ்கூல் வேனு முனையிலயே நின்னுடுது, அதையும் போடுங்க. சின்னப்பன் வூட்டுப் புள்ளைங்க ஷூவக் கையில புடிச்சிக்கினு சேத்துல போவுதுங்க.

பாலசுந்தரம்: போட்டாச்சி. நாலு. இது சம்பந்தமாக நான் ஏற்கெனவே கொடுத்த பத்து மனுக்களுக்கும்...

மணியம்மா: மூணு எங்க?

பாலசுந்தரம்: இன்னா?

மணியம்மா: ஒண்ணு, ரெண்டு, நாலுன்னு போறீங்க. ஊருக்கெல்லாம் நம்பர் போட்டு அர்ஜி எழுதிக் குடுக்கற மனுசன்...

பாலசுந்தரம்: மூணு யோசனைல இக்குது. எடம் விட்டு வெச்சிருக்கேன்.

மணியம்மா: யோசிச்சி எழுதி இன்னா ஆவப்போவுது? பத்து எழுதினீங்களே, இன்னா வந்துச்சி?

பாலசுந்தரம்: மெசேஜ் வந்துச்சி. 'மீ சமஸ்யா பரிஷ்கரிஞ்சபடிந்தி.'

மணியம்மா: உங்க பிரச்சின தீந்துபோச்சாம்! நாலு வாட்டி தீந்துபோச்சி. தோ, வாசல்ல வாயப் பொளந்துக்கினு கெடக்குது பாருங்க, தீந்துபோனது.

பாலசுந்தரம்: தோண்டறவன் வேறயாம், பைப்பு போடறவன் வேறயாம், மூடறவன் வேறயாம். தோண்டினவனுக்குத் தீந்துதானே போச்சி...

கல்பனா: அத்தை... அத்தை இருக்கீங்களா?

மணியம்மா: கல்பனாவா? வா கண்ணு. பள்ளத்து மேல போட்ட தகட்டுல மெதுவா கால வெச்சி வா. ஆடும்.

கல்பனா: வந்துட்டேன். இந்தத் தெருவுல உங்க வூட்டுக்குத்தான் அத்தை பயமில்லாம வரலாம். எங்க வூட்டாண்ட தென்ன மரத்துண்டப் போட்டு வெச்சிருக்கோம், கால வெச்சா உருளுது.

மணியம்மா: என் முட்டிக்காக உங்க மாமா போட்டாரு. அலிபிரில இருந்து திருப்பதி மலைக்கு அத்தினி படியும் ஏறின முட்டி, மூணடிப் பள்ளத்தத் தாண்ட மாட்டேங்குது.

கல்பனா: எங்க கெடச்சிது மாமா இந்தத் தகடு? எங்களுக்கும் ஒண்ணு கெடச்சா...

பாலசுந்தரம்: பழைய இரும்புக் கடைல. இப்ப இல்லையாம்... உன் புருசன் வேங்கடாசலம் எப்பிடி இக்கறான்?

கல்பனா: திருப்பதில கால்ல பிளேட்டு வெச்சி அனுப்பிட்டாங்க. மூணு மாசம் ஊனக்கூடாதாம். அன்னிக்கி பைக்கோட பள்ளத்துல உழுந்தவரு, இன்னிக்கி வரைக்கும் எழுந்திரிக்கல. வலியக்கூடப் பொறுத்துக்கறாரு மாமா. அந்தக் காயிதத்ததான் பொறுத்துக்க மாட்டேங்கறாரு.

மணியம்மா: எந்தக் காயிதம்?

கல்பனா: மாமாவோட பத்தாவது அர்ஜிக்கு ஆபீஸ்காரங்க குடுத்த பதிலு. மாமா சொல்லலியா?

மணியம்மா: மாமா மெசேஜ் மட்டும்தான் சொன்னாரு.

பாலசுந்தரம்: சொல்லணும்னுதான்... நேத்துதான் வந்துச்சி.

கல்பனா: தெரு முனையில போர்டு வெச்சோம், போட்டோ இக்குதுன்னு எழுதியிருக்காங்க அத்தை. போர்டு வெச்சும் ஒருத்தன் போய் உழுந்தான்னா குடிச்சிருப்பான்னு எழுதியிருக்காங்க.

மணியம்மா: அய்யய்ய... யாரு? வேங்கடாசலமா?

கல்பனா: காப்பி குடிச்சாலே நெஞ்சி எரியுதுங்கற மனுசன். ஸ்கூல் வேன் ஓட்டறவரு அத்தை. குடிகாரன்னு பேப்பர்ல ஏறிட்டா, கால் சரியானாலும் ஸ்கூல்ல திரும்ப எடுப்பாங்களா? எந்தத் தாயி அவரு வண்டில புள்ளய ஏத்துவா?

பாலசுந்தரம்: எடுக்க மாட்டாங்க.

கல்பனா: நாளைக்குப் பதினோரு மணிக்கு இஞ்சினீரு அந்தப் போட்டோவ எடுத்துக்கினு நேர்ல வராராம். அன்னிக்கிச் சாயங்காலம் கரண்டு இல்ல, போர்டும் இல்ல, ஒண்ணுமே இல்லன்னு இவரு சத்தியம் பண்றாரு. நீங்க எழுதிக் குடுங்க மாமா. இவரு சொன்னா குடிகாரன் பேச்சி. உங்க எழுத்துன்னா நம்புவாங்க. பாலசுந்தரம் சார் அர்ஜில பொய் இருக்காதுன்னு இவரே சொல்லுவாரு.

பாலசுந்தரம்: ...எழுதிக்கினுதாம்மா இருக்கேன்.

கல்பனா: காலைல வந்து வாங்கிக்கறேன். வரேன் அத்தை. அவரு தனியா இருக்காரு.

மணியம்மா: பாத்துப் போ. தகடு... பாத்து.

பாலசுந்தரம்: போய்ட்டாளா?

மணியம்மா: தாண்டிட்டா. ஏன் பேனாவ மூடி வெச்சிட்டீங்க?

பாலசுந்தரம்: கை வலிக்குது.

மணியம்மா: மூணாவது இன்னான்னுதான் இப்ப தெரிஞ்சிபோச்சே. போர்டே வெக்கலன்னு எழுதுங்க.

பாலசுந்தரம்: எழுதினா நீ சாட்சிக் கையெழுத்து போடணும்.

மணியம்மா: ...கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரியல.

பாலசுந்தரம்: தலைல இக்குது.

மணியம்மா: எதிர் வூட்டுத் தரணி படிச்ச பொண்ணு. அவ போடட்டும்.

பாலசுந்தரம்: நீ ஏன் போட மாட்டே?

மணியம்மா: நீங்க ஏன் எழுத மாட்டேங்கறீங்க? சொல்லுங்க. முப்பது வருசமா உங்க மூஞ்சியத்தான பாத்துக்கினு இருக்கேன்.

பாலசுந்தரம்: அந்தப் போட்டோ பொய்யில்ல மணி. பன்னெண்டாந்தேதி முனையில போர்டு வெச்சாங்க. நானே பாத்தேன்.

மணியம்மா: அப்பால?

பாலசுந்தரம்: மறுநாள் காலைல நீ பால் வாங்கப் போவணும்னு வாசல்ல நின்னே. தாண்டவும் முடியல, உள்ள வரவும் மனசில்ல. எவ்ளோ நேரம் நின்னே தெரியுமா? கடைசில அந்தாண்ட இருந்து கடைப் பையன் பால் பாக்கெட்ட எறிஞ்சான். கீழ உழுந்து ஒடஞ்சிச்சி. நீ ஒரு வார்த்த சொல்லல. உள்ள வந்து சொவரு பக்கம் திரும்பிப் படுத்துக்கினே.

மணியம்மா: அத ஏன் இப்ப...

பாலசுந்தரம்: தகட்ட இரும்புக் கடைல வாங்கினேன்னு சொன்னேன் இல்ல... கடைல வாங்கல.

மணியம்மா: ம்.

பாலசுந்தரம்: முனையில இருந்து இழுத்துக்கினு வந்தேன். மத்தியானம், யாரும் இல்லாத நேரம். எழுத்தும் மண்டையோட்டுப் படமும் அடில போற மாரி கவுத்துப் போட்டேன். ரெண்டு நாள்ல வேற போர்டு வெப்பாங்கன்னு நெனச்சேன். வெக்கல. இருவதாந்தேதி வேங்கடாசலம் உழுந்தான்.

மணியம்மா: ம்.

பாலசுந்தரம்: அதுக்கப்பறமும் ஏழு அர்ஜி எழுதினேன். ஆழம் எழுதினேன், மண்ணு எழுதினேன், சிலிண்டர் வண்டி எழுதினேன். ஒவ்வொரு வாட்டியும் அந்த ஒண்ணுக்கு மட்டும் எடம் விட்டேன். அப்பால நம்பர மாத்திப்பேன். இன்னிக்கி நீ எண்ணிட்டே.

மணியம்மா: நாளைக்கு இஞ்சினீரு நம்ம வூட்டுக்குள்ள வரணும்னா அந்தத் தகட்டு மேல நடந்துதான வரணும்?

பாலசுந்தரம்: ராவோட ராவா கொண்டுபோய் வெச்சிடலாம்னும் யோசிச்சேன். வெச்சா, போர்டு அங்கயேதான் இருந்துச்சின்னு ஆயிடும். வேங்கடாசலம் குடிகாரனாவே போயிடுவான்.

மணியம்மா: அப்ப நடந்தத எழுதுங்க.

பாலசுந்தரம்: எழுதினா தெருவே காறித் துப்பும். கல்பனா இந்த வாசப்படிய மிதிக்க மாட்டா.

மணியம்மா: மிதிக்க வேணாம். அவ புருசன் வேன் ஓட்டணும்.

பாலசுந்தரம்: ...சரி. மூணு. தெரு முனையில் வைத்திருந்த எச்சரிக்கைப் பலகையைப் பதின்மூன்றாம் தேதி எடுத்து, என் வீட்டு வாசல் பள்ளத்தின் மேல் நான் போட்டுக்கொண்டேன். அது இப்போதும் அங்கேதான் இருக்கிறது. விபத்து நடந்த மாலை முனையில் எந்தத் தடுப்பும் இல்லை. வேங்கடாசலம் மீது தவறு இல்லை. இது என்னைத் தவிர என் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மணியம்மா: கடைசி வரிய அடிங்க.

பாலசுந்தரம்: ஏன்? உன் பேரு வர வேணாம்னுதான்...

மணியம்மா: அடிங்க. சாட்சிக் கையெழுத்து வேணாம், உங்க பேருக்குக் கீழயே நானும் போடறேன். வேங்கடாசலம் உழறதுக்கு மொத நாளு மழ பெஞ்சிச்சே... பள்ளத்துல தண்ணி நின்னுச்சி. வாசல்ல இருந்து குனிஞ்சி பாத்தேன். தகட்டுக்கு அடில இருந்த மண்டையோடு தண்ணில தெரிஞ்சிச்சி, செவப்பா. சொன்னா திருப்பிக் கொண்டுபோய் வெச்சிடுவீங்க, நான் மறுபடியும் வாசல்லயே நிக்கணும்னு... அது மேலயே நடந்து பால் வாங்கப் போய்ட்டேன்.