மிதந்தவன் கொடுத்த வாக்கு

நீங்கள் மலைப்பக்கத்துக்காரர், ஐயா. மத்தி மீன் வராத குளிர்காலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. போரின் கடைசி வருடம் எங்கள் கரையில் சர்க்கரைவள்ளிக் கொடியை அவித்துத் தின்றோம். நல்ல படகுகளைக் கடற்படை எடுத்துக்கொண்டு போயிருந்தது. எல்லாம் எங்கெங்கோ மூழ்கின. மிஞ்சியது என் ஓட்டைப் படகுதான். வீட்டில் என் மகள் கிகுனோவுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

கடலில் மிதக்கும் பிணத்தை நாங்கள் எபிசு என்போம். மீன் கொடுக்கும் சாமி. படகில் ஏற்றுவதற்கு முன் ஒருவன் அதனிடம் மீன் கேட்பான். கூட இருப்பவன் பிணத்தின் சார்பில் சம்மதம் சொல்வான். பிறகு கரைக்குக் கொண்டுவந்து, கல் நட்டு, மரியாதையாக அடக்கம் செய்வோம்.

துருப்புக் கப்பல் ஒன்றை நீர்மூழ்கி அடித்த மறுநாள், நானும் என் மச்சான் கன்பேயும் கடலுக்குப் போனோம். எண்ணெய் படர்ந்த தண்ணீரில் ஒரு சிப்பாய் பலகைமேல் கவிழ்ந்து கிடந்தான். நான் முறைப்படி கேட்டேன்.

"ஏத்திக்கிட்டா மீன் குடுப்பியா?"

கன்பே வாயைத் திறப்பதற்குள் அவன் தலையைத் தூக்கினான்.

"குடுக்கறேண்ணே. என்ன வேணாலும் குடுக்கறேன். தூக்கி விடுங்க."

"மச்சான், இவனுக்கு உசுரு இருக்கு," என்றான் கன்பே.

"வாக்குக் குடுத்துட்டானே."

"உசுரோட இருக்கறவன் என்ன எபிசு? இவனும் நம்மள மாதிரி சோத்துக்கு அலையறவன்தான்."

கன்பே சாவு வீட்டிலும் கிண்டல் பேசுகிறவன். விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்கு அது நியாயமாகப் பட்டது. கொக்கிக் கம்பால் பலகையைத் தள்ளிவிட்டேன். அவன் படகின் விளிம்பைப் பிடித்தான். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன். நேரம் பிடித்தது. அவன் மூச்சு அடங்கிய பிறகு மறுபடி மீன் கேட்டேன். கன்பே அழுதுகொண்டிருந்தான், பதில் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். அவன் சார்பில் சம்மதத்தையும் நானே சொல்லிக்கொண்டேன்.

மத்தி வந்தது, ஐயா. வலை கிழியக் கிழிய வந்தது. கிகுனோ எழுந்து உட்கார்ந்து சூப் குடித்தாள்.

பிளம் மரங்கள் பூப்பதற்குள் மீன் நின்றுவிட்டது. கப்பல்கள் மூழ்குவது நிற்கவில்லை. கன்பே என்னோடு வருவதை நிறுத்திவிட்டதால் தனியாகவே போனேன். இன்றைக்கும் வலை இழுக்கும்போது கயிற்றுக்குக் கீழிருந்து "அண்ணே" என்று கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. இழுப்பதை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த வருடம் நான் கரைசேர்த்த எபிசுகளில், நான் கண்டபோது எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்று கேட்டீர்கள். எல்லோரும்தான், ஐயா. ஒருவரையும் கடலில் விட்டுவிட்டு வரவில்லை.