எடுத்தாத்தான் நிக்கும்

— இன்னும் அட்டைப்பெட்டியைப் பிரிச்சே பார்க்கலையா?

— பார்த்தேனே. பளபளன்னு நல்லாத்தான் இருக்கு. வெங்காயம் நறுக்கத் தோதா இருக்கும்.

— கிண்டல் பண்ணாதே. கடையில நாலஞ்சு டேப்லட்டை எடுத்து, உன் கைக்குக் கனக்காதான்னு தூக்கித் தூக்கிப் பார்த்து வாங்கினேன்.

— என் கை எவ்வளவு தூக்கும்னு உங்களுக்குத் தெரியுமாக்கும்!

— தெரியாம என்ன? கேஸ் சிலிண்டரை ஒத்தக் கையால உருட்டிட்டு வர்றவ நீ.

— அப்ப இந்த டெஸ்க்டாப் மட்டும் எனக்கு என்ன கனம்? இதை நான் இடுப்புலயா வெச்சுக்கிட்டு அலையறேன்? அது பாட்டுக்கு ஹால்ல ஒரு மூலையில கிடக்கு.

— அது பாட்டுக்குக் கிடந்தா பரவாயில்லையே. நீயும்ல அதோட சேர்ந்து கிடக்கிறே. பொழுது விடிஞ்சா அந்த நாற்காலி, பொழுது போனா அந்த நாற்காலி...

— அச்சகத்துக்காரர் கொடுத்த புத்தகத்தை வேற யார் டைப் அடிக்கிறது? இந்தச் சிலேட்டுல விரலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நான் ஒரு அத்தியாயம் முடிக்கிறதுக்குள்ள, எழுதினவரே போய்ச் சேர்ந்துடுவாரு.

— அதுக்குத்தான் தனியா ஒரு கீபோர்டும் வாங்கியிருக்கேன். இந்தா.

— ஓ... டேப்லட்டு, அதுக்கு ஒரு கீபோர்டு, சாய்ச்சு வைக்க ஒரு தாங்கி. இதெல்லாம் சேர்த்து வெச்சா என்ன ஆகும் தெரியுமா? கம்ப்யூட்டர் ஆகும். அதான் ஏற்கெனவே இருக்கே!

— உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா? படுத்துக்கிட்டே பார்க்கலாம்டி. முதுகு வலிக்குதுன்னு நீதானே புலம்பறே. எழுத்து சின்னதா இருந்தா ரெண்டு விரலால இப்படி விரிச்சாப் போதும். கண்ணாடிக் கடைக்காரன் சொல்றேன் கேளு, உன் பவர் ஏறிடுச்சு.

— கடைக்கு வர்றவங்ககிட்ட அவிழ்த்துவிடற வசனத்தை வீட்டுலயும் ஆரம்பிச்சுட்டீங்களா...

— பவரை விடு. அந்த ஃபேன் சத்தமாவது உனக்குத் தொந்தரவா இல்லையா? நாள் முழுக்க உர்ர்ருன்னு... அணைக்கவே மாட்டேங்கிறே. கரண்டு போயி யூபிஎஸ் கத்தினா, வீடே பத்திக்கிட்ட மாதிரி ஓடறே.

— எனக்குப் பழகிடுச்சு.

— எனக்குப் பழகலை. நாளைக்கு ஒருத்தர் வர்றாரு. பழைய கம்ப்யூட்டர் எல்லாம் எடுத்துக்கிறவர்.

— யாரைக் கேட்டு வரச் சொன்னீங்க?

— உன்னைக் கேட்டா நீ ஒத்துக்க...

— ஆக, முடிவு பண்ணிட்டுத்தான் இதை வாங்கிட்டு வந்திருக்கீங்க. கசப்பு மருந்து கொடுக்கிறதுக்கு முன்னாடி மிட்டாயைக் காட்டுற மாதிரி.

— நீ அதுல டைப் மட்டுமா அடிக்கிறே? அந்த மேப்பை வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கே. என் தலையைக் கண்டதும் டக்குன்னு மாத்திடறே. நான் பார்க்கலைன்னு நினைச்சியா?

— ...பார்த்துட்டீங்களா.

— நம்ம வாலு போயிட்டாம்மா. அந்த வண்டியோட, அந்த ரோட்டுல, போயே போயிட்டா. மேப்புல தேடினா பொண்ணு கிடைச்சுடுவாளா?

— நான் அவளைத் தேடலை. அவ டேப்லட்டைத் தேடறேன்.

— அதான் அன்னைக்கே சொன்னேனே. விழுந்ததுல நொறுங்கிப் போச்சு, ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்துட்டேன்னு.

— சொன்னீங்க.

— அப்புறம் என்ன?

— நொறுங்கிப் போனதுக்கு சார்ஜ் ஏறுமா?

— என்ன சொல்றே?

— இங்க வாங்க. ஸ்கிரீனைப் பாருங்க. இந்தப் பச்சைப் புள்ளிதான் அவ டேப்லட். எங்க நிக்குது? இது நம்ம தெரு. இது முக்குல இருக்கிற மெடிக்கல் ஷாப். இது நம்ம வீடு. பக்கத்துல பேட்டரி பாருங்க. நேத்து பாதிதான் இருந்துச்சு. இன்னைக்கு முழுசா இருக்கு. எதுத்த வீட்டுக்காரங்களா சார்ஜ் போடறாங்க?

— அது... அவ போட்டோவைப் பார்க்கிறதுக்கு... பூட்டுப் போடற பழக்கம்தான் அவளுக்குக் கிடையாதே. தொட்டா திறந்துக்கும். குளிக்கப் போறப்போ எடுத்துட்டுப் போவேன்.

— ஓகோ. அதான் குழாயைத் திறந்துவிட்டுட்டு அவ்வளவு நேரம் குளியலா!

— நீ பார்த்தா தாங்கமாட்டேன்னுதான்...

— என்கிட்ட காட்டியிருந்தா நானும் பார்த்திருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதிருக்கலாம். நீங்க அங்க குழாயைத் திறந்துக்கிட்டு, நான் இங்க இந்தப் புள்ளியைப் பார்த்துக்கிட்டு... என்ன குடித்தனங்க இது?

— தப்புதான்.

— போட்டோ பார்க்கிறதுக்கு நொறுங்கிடுச்சுன்னு ஏன் பொய் சொல்லணும்?

— ...ஏதோ அப்ப வாயில வந்துடுச்சு.

— அந்த மணி ஞாபகம் இருக்கா உங்களுக்கு?

— எந்த மணி?

— தெரியாத மாதிரி கேட்காதீங்க. அவதானே வெச்சுக் கொடுத்தா. “அம்மா, நான் டேப்லட்டை எங்கயாவது போட்டுட்டு முழிப்பேன். நீ உன் கம்ப்யூட்டர்லேருந்து இந்த பட்டனை அழுத்து, அது கத்தும்”னு.

— ஆமா... ஒரு தடவை வாஷிங் மிஷினுக்குள்ளேருந்து கத்திச்சு.

— தண்ணியைத் திறந்துவிடப் போனேன். நல்லவேளை!

— தலையணை உறைக்குள்ள ஒரு தடவை. நீ பேய்னு நினைச்சு என்னை எழுப்பினே.

— சைலண்ட்ல போட்டிருந்தாலும் விடாது. கையால எடுத்துத் தொட்டாத்தான் நிக்கும்.

— அப்புறம் அதை வெச்சே அவளைச் சாப்பிடக் கூப்பிட ஆரம்பிச்சுட்டே.

— என் முட்டிக்கு மாடி ஏற முடியுதா? போன் பண்ணா “இதோ”ன்னு சொல்லிக் கட் பண்ணிடுவா. மணி அடிச்சா தப்பிக்க முடியாது. முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு தடதடன்னு இறங்கி வருவா. “ஏம்மா, நான் என்ன தொலைஞ்ச சாமானா, மணி அடிச்சுத் தேடறே”ம்பா. இப்ப அழுத்தட்டுமா? எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுடும்.

— வேண்டாம்.

— ஒரே ஒரு தடவை...

— வேண்டாங்கிறேன்ல! மவுஸ்லேருந்து கையை எடு.

— ஏன் இப்படிக் கத்தறீங்க?

— நானே கொண்டு வந்து உன் கையில கொடுத்துடறேன். போட்டோவெல்லாம் சேர்ந்தே பார்ப்போம். அதை மட்டும் அழுத்தாதே.

— ...அழுத்திட்டேன்.

— ஐயோ...

— கேக்குதா? உங்க சட்டை அலமாரி. கீழ்த் தட்டு.

— நிறுத்து... நிறுத்துடி அதை...

— இங்கேருந்து எப்படி நிறுத்தறது? யாராவது போய்த் தொடணும். போங்க.

— என்னால முடியாது. நீ போ...

— காதை ஏன் பொத்திக்கிறீங்க? என்னங்க... இங்க பாருங்க... உடம்பெல்லாம் ஏன் நடுங்குது?

— போய் எடு. உன்னைக் கும்பிடறேன், போய் எடு!

— போறேன், போறேன்...

— ...

— இந்தாங்க. எடுத்துட்டேன். நின்னுடுச்சு. ஒரு கீறல்கூட இல்லையே இதுல...

— அந்தப் பக்கம் வை. முதல்ல நீ உட்காரு.

— ஸ்கிரீனைப் பாருங்க. “கிடைத்துவிட்டது”ன்னு வந்திருக்கு. அங்க தொட்டதும் இங்க அப்படித்தான் வரும். அன்னைக்கும் இப்படித்தான் வந்துச்சு.

— என்னைக்கு?

— உங்களுக்குத் தெரியும் என்னைக்குன்னு.

— வேண்டாம்மா. அதைப் பேச வேண்டாம்.

— ஈரத் தலையோட போகாதேன்னேன். அவ்வளவுதாங்க நான் சொன்னது. அதுக்கு அவ ஒண்ணு சொன்னா, நான் ஒண்ணு சொன்னேன். சாப்பிடாம வண்டியை எடுத்துட்டா. போன் பண்ணேன், எடுக்கலை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கமாட்டா. அவ்வளவு நல்ல பழக்கம் என் பொண்ணுக்கு. நான்தான் அதோட விட்டிருக்கணும்...

— லாரிக்காரன் சட்டுன்னு திருப்பிட்டான். ரோடு வேற ஈரம். அவ்வளவுதான் நடந்தது.

— எல்லார்கிட்டயும் அதைச் சொன்னீங்க. சரி. நான் கேட்காதப்போகூட என்கிட்ட அதையே சொன்னீங்க. காபி குடிக்கும்போது சொன்னீங்க, துணி மடிக்கும்போது சொன்னீங்க. அதான் எனக்கு உறுத்திச்சு.

— உறுத்த என்ன இருக்கு?

— உங்க தம்பி சொன்னாரு. அவ முதுகுப் பை முன்பக்கமா திரும்பிக் கிடந்துச்சாம், ஜிப்பு திறந்திருந்துச்சாம்.

— விழுந்ததுல திறந்திருக்கும். அவனுக்கு எப்ப எதைச் சொல்றதுன்னே தெரியாது.

— ஒரு கையில கையுறை இல்லையாம். வெயில்ல கை கறுத்துடும்னு, ரெண்டு கையுறையும் போடாம வண்டியைத் தொடமாட்டா. அந்த டேப்லட்டுக் கண்ணாடியில விரல் படணும்னா கையுறையைக் கழட்டித்தானே ஆகணும்?

— போதும்.

— நான் அழுத்தினேங்க.

— போதும்னு சொல்றேன்...

— விட்டு விட்டு அழுத்தினேன். இங்க, இதே நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு. எடுக்கிற வரைக்கும் விடறதில்லைன்னு. அவ பிடிவாதம் யார்கிட்டேருந்து வந்துச்சு? என்கிட்டேருந்துதானே...

— நீ வேணும்னு செய்யலை. சாப்பிடலைன்னுதானே கூப்பிட்டே.

— நிக்கவே இல்லை. அடுப்பைக்கூடப் பத்த வைக்காம உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திடீர்னு நின்னுச்சு. “கிடைத்துவிட்டது”ன்னு வந்துச்சு. அப்பாடா, எடுத்துட்டா! எங்கயோ ஓரமா நிறுத்தி, என்னைத் திட்டிக்கிட்டே எடுத்துட்டா. இனிமே கோபம் இருக்காது, சாயங்காலம் வந்துடுவான்னு... எழுந்து போய் அவளுக்குப் பிடிச்சதா பார்த்துச் சமைச்சேங்க. பாட்டு வேற முணுமுணுத்தேன். தெரியுமா? பாட்டு!

— அழாதே... அழாதேம்மா.

— அன்னைக்கு வந்த அந்தப் பக்கத்தை நான் இன்னும் மூடலை. இதோ பின்னாடி இருக்கு பாருங்க. மூடினா போயிடும். மிஷினை அணைச்சாலும் போயிடும். அதுக்குத்தான் இதை அணைக்கிறதில்லை. அதுக்குத்தான் யூபிஎஸ் கத்தினா ஓடறேன். உங்க டேப்லட்டு நல்ல டேப்லட்டுதான். ஆனா அதுல இது இல்லையே.

— அந்த ஒரு வரியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?

— என்ன பண்ணப்போறேனா? அதை வெச்சுத்தான் நான் இன்னும் உயிரோட இருக்கேன். அவ வண்டியை நிறுத்தி, எடுத்து, தொட்டா. என் மணி நின்னுது. அதுக்கு அப்புறம்தான் லாரி வந்துச்சு. என் மணிக்கும் அந்த லாரிக்கும் சம்பந்தம் இல்லை. அப்படித்தானே?

— ...

— அப்படித்தானேன்னு கேக்கறேன்.

— அப்படித்தான்.

— என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.

— சொல்லிட்டேனே. அப்படித்தான். விடேன்.

— அப்ப இந்தச் சத்தத்துக்கு நீங்க ஏன் நடுங்கினீங்க? இந்த வீட்டுல தினமும் கேட்ட சத்தம். வாஷிங் மிஷினுக்குள்ள கத்தினப்போ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சீங்க. இன்னைக்குக் காதைப் பொத்திக்கிறீங்க. இதை நீங்க வேற எங்க கேட்டீங்க?

— கேட்காதே.

— வேற எங்க கேட்டீங்க?

— உன் கால்ல விழறேன், கேட்காதே...

— அது நின்னப்போ அவ உயிரோட இருந்தாதானே? என்னங்க? நிறுத்தினது அவ விரல்தானே?

— ...பையைத் தூக்கி என் கையில கொடுத்தாங்க. உள்ள அது கத்திக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்துச்சு. அவளை அதுக்கு முன்னாடியே துணியால மூடிட்டாங்க... நிறுத்தினது நான்தான்மா.